ரெண்டு வீடு விற்காமல் கிடக்கிறது, மூன்றாவது லிண்டலில் நிற்கிறது, என்ன செய்யலாம்?

பாளை_தனிவீடு எழுதியது:

வணக்கம். பாளையங்கோட்டை வட்டாரத்தில் தனி வீடு கட்டி விற்கிறேன். நாலு சென்ட், அஞ்சு சென்ட் மனை வாங்கி, ரெண்டு பெட்ரூம் வீடு கட்டி, விற்று வந்த பணத்தில் அடுத்த மனைக்கு அட்வான்ஸ் போடுவது, இத்தனை வருஷமும் இப்படித்தான் ஓடியது. இப்போது ஓட்டம் நின்றுவிட்டது. ரெட்டியார்பட்டி ரோட்டுப் பக்கம் அடுத்தடுத்து ரெண்டு வீடு வேலை முடிந்து பூட்டிக் கிடக்கிறது, ஒவ்வொன்றும் 55 லட்சம் சொல்கிறேன். மூன்றாவது தச்சநல்லூரைத் தாண்டி, கரிசல் பூமி, சுவர் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு ஜன்னலின் மேல்மட்டத்துக்கு, வந்து நிற்கிறது.

ஆள் வராமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பத்தோடு வருகிறார்கள், போர் எத்தனை அடி, தண்ணி உப்பா, பக்கத்து மனை யாருது என்று எல்லாம் கேட்டு, மொட்டைமாடி வரை ஏறிப் பார்த்துவிட்டு, "ஊர்ல பேசிட்டுச் சொல்றோம்" என்று போகிறார்கள், அப்புறம் போனை எடுப்பதில்லை. இன்னும் கொஞ்ச நாளில் ஆடி பிறந்துவிடும், சார்பதிவாளர் ஆபீஸ் பக்கம் யாரும் தலைகாட்ட மாட்டார்கள்.

பேங்க் கடன் 40 லட்சம் நிற்கிறது, 12 சதவீதம், ரெண்டு வீட்டுப் பத்திரமும் அங்கேதான் இருக்கிறது. வெளியே 6 லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கியது தனி. டைல்ஸ் கடை, எலக்ட்ரிக்கல் கடை பாக்கி வேறு. கொத்தனார் செட் பல வருஷமாக என்னோடு இருக்கிற செட், இங்கே வேலை இல்லையென்றால் கேரளாவுக்குப் போய்விடுவார்கள்.

விலையைக் குறைத்துத் தள்ளிவிடலாமா, பொறுத்திருக்கலாமா? மூன்றாவதை நிறுத்துவதா, கடன் வாங்கியாவது முடிப்பதா? இதற்கு நடுவில் தெரிந்தவர் ஒருவர், கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் ரெண்டு ஏக்கர் மலிவாக வருகிறது, சேர்ந்து பிளாட் போடுவோம், அட்வான்ஸ் வர ஆரம்பித்தால் இந்தக் கடனையெல்லாம் அடைத்துவிடலாம் என்று தினமும் போன் போடுகிறார். ராத்திரி படுத்தால் இது மூன்றும்தான் மண்டைக்குள் ஓடுகிறது. கஷ்ட காலத்தைத் தாண்டி வந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

பெருமாள்புரம்_அண்ணாச்சி பதில்:

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விலையை முன்னே பின்னே விற்றால் லாபம்தான் குறையும், அந்த ரெண்டு ஏக்கரில் காலை வைத்தால் இருக்கிற வீடும் சேர்ந்து போகும். பிளாட் போட நகர் ஊரமைப்புத் துறையின் (டி.டி.சி.பி.) அப்ரூவல் வேண்டும், 500 சதுர மீட்டருக்கு மேல் என்பதால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி ரெரா பதிவும் வேண்டும், பதிவு எண் கைக்கு வருகிற வரை விளம்பரம் செய்யக் கூடாது, ஒரு ரூபாய் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வாங்க ஆரம்பித்த பிறகும் அதில் 70 சதவீதம் தனிக் கணக்கில் கிடக்க வேண்டும், அந்த நிலத்துக்கும் அந்த வேலைக்கும் மட்டும்தான் எடுக்கலாம், அதுவும் இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூன்று பேரும் வேலை இவ்வளவு முடிந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால். அந்தப் பணம் உங்கள் ரெட்டியார்பட்டிக் கடனை எப்படி அடைக்கும்? அடைக்கும் என்று சொல்கிறவர் ஒன்று சட்டம் தெரியாதவர், இல்லையென்றால் தெரிந்தே உங்களை மீறச் சொல்கிறவர். ரெண்டில் எதுவானாலும் அவரோடு கூட்டு வேண்டாம்.

இந்த ஊரில் 2016-17 எப்படி இருந்தது என்று பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாதென்று ஐகோர்ட் தடை போட்டது. அதை ஜீரணிப்பதற்குள் நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாது என்றார்கள். மறு வருஷம் மே மாதம் அந்த அங்கீகாரம் இல்லாத மனைகளுக்கு வரன்முறை விதிகள், ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 ஆக்கினார்கள், ஜூலையில் ஜி.எஸ்.டி. மூச்சு விட இடம் இல்லை. அப்போது விழுந்தவர்கள் யார் என்றால், அடுத்தவர் பணத்தில் ஏக்கர் கணக்கில் மனை வாங்கிப் போட்டவர்கள். ஒரு வீடு ரெண்டு வீடு கையில் வைத்திருந்தவர்கள் நின்றார்கள். புது மனைக்கு அட்வான்ஸ் போடுவதை அப்படியே நிறுத்திவிட்டு, மாடி எடுக்கிற வேலை, கம்பவுண்ட் சுவர், தளம் ஒழுகுகிற வேலை, பாத்ரூம் மாற்றிக் கொடுப்பது என்று கான்ட்ராக்ட் வேலைக்கு இறங்கினார்கள். அதில் பெரிய லாபம் கிடையாது, ஆனால் சனிக்கிழமை சம்பளம் அதிலிருந்தே வந்துவிடும், செட் கலையாது. உங்களுக்கும் அதுதான் வழி. வீட்டுக்குச் சொந்தக்காரர் பணத்தில் நடக்கிற வேலை, உங்கள் பணம் மாட்டாது.

இப்போது விலைக்கு வருவோம். கணக்கைப் பேப்பரில் போடுங்கள். 40 லட்சத்துக்கு 12 சதவீதம் என்றால் மாதம் 40,000. 6 லட்சத்துக்கு ரெண்டு வட்டி, 12,000. ஆக மாதம் 52,000 நீங்கள் தூங்கினாலும் போகிறது. ஆடி போய், ஆவணியில் ஒன்றிரண்டு பேர் வந்து, புரட்டாசி மறுபடி படுத்து, ஐப்பசியில்தான் விற்கும் என்றால் நாலு மாதம், 2,08,000. அப்படியானால் கையில் பணத்தோடு ஒருவர் இந்த ஆனியிலேயே வந்து ரெண்டு லட்சம் குறைக்கச் சொன்னால், அது நஷ்டமே இல்லை. அதற்காக "விலை குறைப்பு" என்று போர்டு வைத்துவிடாதீர்கள், வைத்தால் அடுத்த ஆள் அங்கிருந்து இன்னும் கீழே கேட்பான். ஒரு வீடு விற்றால் போதும். வந்த பணத்தில் பேங்க் பங்கு போக முதலில் அந்த ரெண்டு வட்டியைத் தீருங்கள், கடைப் பாக்கியில் பாதியாவது கொடுங்கள். அடுத்த மனையைப் பற்றி அதற்கு அப்புறம் பேசலாம்.

மகாராஜநகர்_மனை பதில்:

அண்ணாச்சி சொன்னதில் விலை விஷயம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. ரெண்டும் அடுத்தடுத்த வீடு, ஒன்றை 53-க்குக் கொடுத்தால் பத்திரத்தில் ஏறிவிடும், மற்றதை 55-க்கு யாரும் தொட மாட்டார்கள். அந்தத் தெருவில் ஏற்கெனவே உங்களிடம் வாங்கினவர்களும் முகம் சுளிப்பார்கள். நான் என்றால் ஒன்றை ஒத்திக்கு விட்டுவிடுவேன். மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும், அதில் வெளிக் கடனை அடைத்துவிட்டால் மாதம் 12,000 மிச்சம், வீடும் பூட்டிக் கிடக்காது. நம் ஊரில் ஒத்திக்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை.

கடன்பிரிவு_ஓய்வு பதில்:

பேங்கில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒத்தி யோசனையை தயவுசெய்து இப்படியே செய்துவிடாதீர்கள். பத்திரம் பேங்கில் அடமானமாக இருக்கும்போது, அவர்களிடம் எழுதி வாங்காமல் இன்னொருவரிடம் பெரிய தொகை வாங்கிக்கொண்டு வீட்டை ஒப்படைப்பது கடன் ஒப்பந்தத்துக்கு விரோதம். தவிர ஒத்திப் பணமும் கடன்தான், வட்டி கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நாளைக்கு வீட்டுக்கு ஆள் வந்தால் ஒத்திக்காரருக்கு முழுப் பணத்தையும் கொடுத்தால்தான் சாவி கிடைக்கும், அந்தப் பணத்தை நீங்கள் ஏற்கெனவே வட்டிக்காரருக்குக் கொடுத்திருப்பீர்கள். சும்மா கிடக்கிற வீட்டில் வருமானம் வேண்டுமென்றால் மாத வாடகைக்கு விடுங்கள். 11 மாத ஒப்பந்தம், வீடு விற்பனைக்கு இருக்கிறது, ஆள் அமைந்தால் இத்தனை நாள் நோட்டீஸில் காலி செய்ய வேண்டும் என்று அதிலேயே எழுதிவிடுங்கள், அதையும் பேங்கில் சொல்லிவிட்டு.

நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தவணை தவறுவதற்கு முன்னால் கிளை மேலாளரைப் போய்ப் பாருங்கள். தவணை நின்று 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதற்கப்புறம் மேலாளர் உங்கள் சொந்தக்காரராக இருந்தாலும் கை கட்டப்பட்டுவிடும், அடமானச் சொத்தை பேங்கே எடுத்து விற்க வழி செய்கிற சர்பாசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் வரும், பேப்பரில் விளம்பரம் வரும், வாங்க நினைத்தவனும் ஏலத்தில் பார்த்துக்கொள்வோம் என்று காத்திருப்பான். தவறுவதற்கு முன் போனால் தவணைக் காலத்தை நீட்டுவது பற்றிப் பேச முடியும். உங்கள் கடன் ரிசர்வ் பேங்கின் ரெப்போ வட்டியோடு இணைந்ததா என்று கேளுங்கள். 2025 பிப்ரவரி தொடக்கத்தில் 6.5 ஆக இருந்த ரெப்போ, படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25-க்கு வந்தது, உங்கள் 12 ஏன் அப்படியே நிற்கிறது என்று கேட்பதில் தப்பில்லை.

அப்படியே இன்னொன்றும் எழுத்தில் வாங்குங்கள். ரெண்டு பத்திரமும் ஒரே கடனுக்கு இருப்பதால், ஒரு வீட்டை விற்றால் எவ்வளவு கட்டினால் அந்த ஒரு பத்திரத்தை மட்டும் விடுவிப்பார்கள் என்று கேட்டு லெட்டர் வாங்கிவிடுங்கள். வாங்க வருகிறவருக்கு முக்கால்வாசி பயம் இதுதான், பணத்தைக் கொடுத்த பிறகு பத்திரம் வருமா என்று. லெட்டர் இருந்தால் அவருடைய பேங்க் காசோலையை நேராக உங்கள் கடன் கணக்குக்கே கொடுத்துவிடும், ஒரே நாளில் கிரயமும் முடியும்.

ரெண்டு வட்டிக் கடனைப் பற்றி. ரெண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். இப்போது ரெண்டு வட்டி தருகிறவர், நாலு மாதம் தள்ளினால் மூன்று வட்டி கேட்பார், அதை அடைக்க வேறொருவரிடம் மீட்டர் வட்டிக்குப் போவீர்கள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது, ஆனாலும் 2017 அக்டோபரில் நம் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை இந்த ஊர் பார்த்தது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் நகை இருந்தால் பேங்கில் அடகு வைத்து அந்த 6 லட்சத்தை முடிந்தவரை இறக்குங்கள், வட்டி பாதிக்கும் கீழே வந்துவிடும். இந்த நிலைமை வீட்டில் அம்மாவுக்கும் உங்கள் மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வைத்துக்கொண்டு தனியாகச் சமாளிப்பவர்கள்தான் அவசரத்தில் எங்கேயாவது கையெழுத்துப் போடுகிறார்கள்.

சைட்_இன்ஜினியர்_தாழையூத்து பதில்:

மூன்றாவது வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நிறுத்துவது என்று முடிவானால் லிண்டல் நல்ல இடம், ஆனால் சுவரோடு விட்டுவிட்டுப் போகாதீர்கள். லிண்டல் பெல்ட் கான்கிரீட்டைச் சுற்றி ஓட்டி முடித்துவிடுங்கள், பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் பத்து நாளாவது தண்ணி ஊற்றி ஈரமாக வைத்திருங்கள். வெறும் சுவரில் ஐப்பசி மழை மேலே இருந்து இறங்கினால் செங்கல் மூட்டு ஒவ்வொன்றும் தண்ணி குடிக்கும். பில்லர் கம்பி மேலே நீட்டிக்கொண்டிருந்தால் சிமெண்ட் பால் பூசிவிடுங்கள், மறுபடி ஆரம்பிக்கும்போது பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுத் தொடரலாம். மர நிலை வைத்தாயிற்று என்றால் அதை மழையிலும் வெயிலிலும் விடாதீர்கள், பாலிதீன் சுற்றி மேலே ஒரு ஷீட். சைட்டில் சிமெண்ட் மூட்டை இருந்தால் மூன்று மாதம் வைத்திருக்க வேண்டாம், பலம் இறங்கிவிடும், கான்ட்ராக்ட் வேலை வந்தால் அங்கே ஓட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், கரிசல். கரிசல் மழையில் ஊதும், கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும். பாதியில் நிற்கிற வீட்டைச் சுற்றி அஸ்திவாரத்துக்குத் தோண்டின பள்ளம் மூடாமல் கிடந்தால் தண்ணி தேங்கி நேரே அஸ்திவாரத்துக்குப் போகும், வீட்டுக்குச் சுமை முழுசாக வராத நிலையில் அது நல்லதில்லை. வெளிப்பக்கம் சரள் கொட்டி இறுக்கி, தண்ணி தெருப் பக்கம் ஓடுகிற மாதிரி சரிவு கொடுத்துவிட்டு அப்புறம் நிறுத்துங்கள். அதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான்.

செய்யவே கூடாத ஒன்று, தளத்துக்குச் சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டிவிட்டுப் பணம் இல்லாமல் நிற்பது. ஷீட்டுக்கும் முட்டுக்கும் தினம் வாடகை ஓடும், கம்பி துருவேறும், பலகை வளையும். கான்கிரீட் வரைக்குமான முழுப் பணமும், ஜல்லி, எம்.சாண்ட், கம்பி, சிமெண்ட், கூலி எல்லாம் சேர்த்து, தனியாக எடுத்து வைத்த பிறகுதான் முதல் முட்டு நட வேண்டும். சாமான் விலையையும் கொஞ்சம் கூடவே போட்டுக்கொள்ளுங்கள். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரி விபத்துக்கு அப்புறம் ஜல்லி கிடைக்காமல் பட்ட பாடு உங்களுக்கே தெரியும், 2025 ஏப்ரலில் கனிம நில வரி வந்தபோது கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, அது முடிந்தபோது எம்.சாண்ட் விலை ஏறியது. அதே வருஷம் செப்டம்பர் 22-லிருந்து சிமெண்ட் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18-க்கு இறங்கியது உண்மைதான், ஆனால் அதை நம்பி மட்டும் எஸ்டிமேட் போட முடியாது.

கை இறுக்கமான நேரத்தில் சிலர் 12 எம்.எம். கம்பி போட வேண்டிய இடத்தில் 10 போடுவார்கள், எம்.சாண்டில் கிரஷர் டஸ்ட்டைக் கலந்துவிடுவார்கள். உங்களை அப்படிச் சொல்லவில்லை. கொத்தனாரிடமும் கடைக்காரரிடமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பாக்கி வைத்திருக்கிற கடையில்தான் மட்டமான சரக்கைத் தள்ளுவார்கள்.

பூட்டிக் கிடக்கிற ரெண்டு வீட்டையும் வாரம் ஒருமுறை திறங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, மோட்டாரை ஓட்டி, குழாய் எல்லாம் ஒரு சுற்றுத் திறந்து விட்டு, கதவு நிலைக்குக் கீழே கரையான் மண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ரெட்டியார்பட்டிப் பக்கம் செம்மண், கரையான் அதிகம்.

ஒரு_டீச்சர் பதில்:

நான் கட்டுபவர் இல்லை, வாங்கியவள். பாளையங்கோட்டையில் வேலை பார்க்கிறேன். "ஊர்ல பேசிட்டுச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எல்லாம் வீடு பிடிக்காமல் போகிறவர்கள் இல்லை. 55 லட்சம் வீட்டுக்கு பேங்க் 80 சதவீதம்தான் தரும், 11 லட்சம் கையில் வேண்டும். பத்திரச் செலவு 7-ம் 2-ம் சேர்ந்து 9 சதவீதம், ஏறக்குறைய 5 லட்சம், அதற்கு பேங்க் கடன் கிடையாது. ஆக 16 லட்சம் ரொக்கமாக வைத்திருந்தால்தான் ஒருவர் உங்களிடம் சரி என்று சொல்ல முடியும். எங்களுக்கு பி.எஃப். பணம் வரவும், ஊரில் இருந்த ஒரு துண்டு நிலம் விற்கவும் நாள் தேவைப்பட்டது. அப்போது விலையைக் குறைக்காமல், கிரய ஒப்பந்தம் பதிந்துகொண்டு எங்களுக்கு அவகாசம் கொடுத்தவரிடம்தான் வாங்கினோம். தினமும் போன் போட்டு "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு" என்றவரிடம் வாங்கவில்லை.

இன்னொன்று, அவர் ஒரு ஃபைலைக் கையில் கொடுத்துவிட்டார். தாய்ப்பத்திர நகல், 30 வருஷ வில்லங்கச் சான்று, பட்டா, பிளான் அப்ரூவல், அஸ்திவாரம் போட்டபோது எடுத்த போட்டோ. என் வீட்டுக்காரர் அந்தக் கம்பி போட்டோவைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறையும் ஜங்ஷனும் மூழ்கியதைப் பார்த்த பிறகு, அன்றைக்கு இந்தத் தெருவில் தண்ணி எவ்வளவு நின்றது என்பதுதான் எங்கள் முதல் கேள்வியாக இருந்தது. உங்கள் இடம் மேடு, அதைச் சொல்லுங்கள், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களையே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். முடிப்புச் சான்று வாங்கிவிட்ட வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதும் பலருக்குத் தெரியாது. கட்டிக்கொண்டிருக்கும்போது வாங்கினால் 5 சதவீதம், 45 லட்சத்துக்குள் சின்ன வீடு என்றால் 1.

பாளை_தனிவீடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் அக்கா சொன்ன 16 லட்சக் கணக்கை நான் அந்தப் பக்கத்திலிருந்து யோசித்ததே இல்லை. போன மாதம் வந்த ஒரு குடும்பம், வீட்டுத் தலைவர் மஸ்கட்டில் இருக்கிறார், தை மாதம் லீவில் வருவதாகச் சொன்னார்கள், அவர்களிடம் ஒப்பந்தம் போட்டு அவகாசம் தருவதாகப் பேசப் போகிறேன். கங்கைகொண்டான் நிலம் வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டேன், கொஞ்சம் கோபம்தான் அவருக்கு. தச்சநல்லூரில் பெல்ட் ஓட்டி, சரள் அடித்து நிறுத்துகிறேன். மேஸ்திரியிடம் பேசியதில் கே.டி.சி. நகரில் மாடி எடுக்கிற வேலை ஒன்று இருக்கிறதாம், அதை எடுத்தால் செட்டுக்கு ஆடி ஓடிவிடும். மஸ்கட்காரரிடம் ஒப்பந்தத்துக்கு எவ்வளவு அட்வான்ஸ் கேட்கலாம்? அந்தப் பணத்தை நான் எதற்குப் பயன்படுத்தலாம்?

கடன்பிரிவு_ஓய்வு பதில்:

10 சதவீதத்துக்கு மேல் கேட்க வேண்டாம், வாங்கியதைத் தச்சநல்லூருக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். நேராக உங்கள் பேங்க் கடனில் கட்டிவிடுங்கள், கட்டிய ரசீது நகலை அவர் வீட்டில் கொடுங்கள். அவர் வெளிநாட்டில் இருப்பதால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மனைவிக்கோ அப்பாவுக்கோ பவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், அதை அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பச் சொல்லி, இங்கே முத்திரைத் தீர்வை கட்டிய பிறகு பத்திர எழுத்தரிடம் போங்கள். இதற்கே சில வாரம் ஆகும், அதனால் தை வரை காத்திருக்காமல் இப்போதே ஆரம்பியுங்கள். பேங்கில் அந்த விடுவிப்பு லெட்டர் வாங்கிவிட்டீர்களா?

பாளை_தனிவீடு எழுதியது:

திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். ரெண்டு வீட்டு வில்லங்கமும் புதிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன்.